கீழக்கரை ஜெர்சி கடை: துணிக்கு முழு மார்க், ஸ்டிக்கருக்குப் பாதி

எங்கள் தெருப் பையன்களுக்கு ஃபுட்பால் ஜெர்சி எடுத்தது கீழக்கரை பஜாருக்குள் இருக்கும் ஒரு கடையில். கடைப் பெயர் வேண்டாம். குறையும் சொல்லப்போகிறேன், நாளைக்கும் கடைக்காரத் தம்பி முகத்தில் முழிக்கணும்.

துணி திருப்பூர் சரக்கு. மேலும் கீழும் சேர்த்து செட் 380 ரூபாய். கடற்கரை மணலில் விழுந்து புரளுகிற பயல்கள், இருந்தும் அக்குள் தையல்கூட விடவில்லை. சாயமும் போகவில்லை.

முதுகில் பெயர் ஒட்டுவதில்தான் நேரம் போனது. எவனும் சொந்தப் பெயர் தரவில்லை, ஆளுக்கொரு ஸ்டார். தம்பி லிஸ்டைப் பார்த்துவிட்டு, "என்ன காக்கா (எங்கள் ஊரில் அண்ணனுக்கு அப்படித்தான்), பாதிப் பேரு கோர்ட்டு கேஸுல மாட்டுனவனா இருக்கான்?" என்றார். வாஸ்தவம்தான். வரி ஏய்ப்பு வழக்கில் மெஸ்ஸிக்கு 2016-ல் பார்சிலோனா கோர்ட்டு 21 மாதம் போட்டது. உள்ளே போகவில்லை, மறு வருஷம் 2,52,000 யூரோ அபராதத்தோடு முடிந்தது. ரொனால்டோவுக்கு 2019-ல் மாட்ரிட்டில் 23 மாதம், கூடவே 1.88 கோடி யூரோ. அவரும் சிரித்துக்கொண்டே வெளியே வந்தார். ஸ்பெயினில் முதல் தடவை மாட்டி, தண்டனை இரண்டு வருஷத்துக்குள் இருந்தால் பெரும்பாலும் ஜெயில் கிடையாது. நம்ம ஊரில் வீட்டுவரி பாக்கிக்கே குழாயை அடைக்க வருகிறார்கள்.

மெஷின் சூடேறும் நேரத்தில் தம்பி பிரேசில் ஆட்டக்காரர் ரொனால்டினோ கதையை எடுத்தார். 2020 மார்ச்சில் அண்ணனோடு பராகுவே போய், போலி பாஸ்போர்ட்டோடு பிடிபட்டு 32 நாள் ஜெயில். 40-வது பிறந்தநாளும் உள்ளேயேதான். கைதிகளின் ஃபுட்சால் (ஐந்து பேர் ஆடும் சின்ன ஃபுட்பால்) ஃபைனலில் அவர் டீம் 11-2 என்று ஜெயித்தது, அதில் ஐந்து கோல் அவருடையது. பரிசு பன்றி என்றதும் பையன்கள் "அஸ்தஃபிருல்லாஹ்" என்று காதைப் பொத்திக்கொண்டார்கள். எனக்குப் புரியாதது வேறு. பிரேசில்காரர் பராகுவேக்குள் நுழைய அடையாள அட்டையே போதும், பாஸ்போர்ட்டே தேவையில்லை. வீட்டுக்கு ஒரு சபுராளி, அதாவது வெளிநாட்டில் பிழைக்கிறவர், இருக்கிற எங்கள் ஊரில் சின்னப்பிள்ளைகூட இதில் ஏமாறாது.

ஒருத்தன் மட்டும் அவன் மாமா பேச்சைக் கேட்டு இன்னொரு பிரேசில் ஆட்டக்காரர் ராபின்ஹோ பெயரை எழுதியிருந்தான். முடியாது என்றேன். 2013-ல் மிலானில் ஒரு பெண்ணைக் கூட்டாகச் சேர்ந்து நாசம் செய்ததற்கு இத்தாலி கோர்ட்டு ஒன்பது வருஷம் கொடுத்த ஆள். பிரேசிலில் இருந்தும் 2024 மார்ச்சில் அங்கேயே உள்ளே போட்டார்கள். வரிக் கணக்கும் இதுவும் ஒன்றல்ல. தம்பி மறுபேச்சில்லாமல், ஏற்கெனவே வெட்டி வைத்திருந்த எழுத்தைக் குப்பையில் போட்டுவிட்டு, பையனின் சொந்தப் பெயரை ஒட்டிக் கொடுத்தார். அதற்குத் தனிக் காசு வாங்கவில்லை. இந்தக் குணத்துக்காகவே இன்னொரு தடவை போகலாம்.

குறை ஸ்டிக்கர்தான். எங்கள் உப்புத் தண்ணியில் நாலு அலசு தாங்கவில்லை. மெஸ்ஸியின் கடைசி எழுத்து தூக்கிக்கொண்டு நிற்கிறது, 10-ல் சைபர் ஓரம் உரிந்துவிட்டது. கொண்டுபோய்க் காட்டினால் இலவசமாக மறுபடி அழுத்தித் தருகிறார், ஆனால் பசையே மட்டம். துணியோடு சேர்த்து அச்சடிக்கும் சப்ளிமேஷன் கேளுங்கள். வெளியூருக்கு அனுப்பித்தான் வரும், செட்டுக்கு 120 ரூபாய் கூட. டோர்னமெண்ட்டுக்கு முந்தின நாள் போய் நிற்காதீர்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்கு மூடினால் சாயங்கால அஸர் தொழுகைக்கு அப்புறம்தான் திறப்பார்.