கைப்பிடி கிரீசிங் மெஷின்: மடிப்பு நேர்த்தி, ஸ்டாப்பர் அவதி

அட்டை மடியும் இடத்தில் கோடு அழுத்தித் தரும் கைப்பிடி கிரீசிங் மெஷினின் விலை இறங்கியிருக்கிறதே, வாங்கலாமா என்று தேவிபட்டினத்தில் அச்சகம் வைத்திருக்கும் நண்பர் கேட்டார். கீழக்கரையில் அதே மெஷினை ஆண்டுக்கணக்காக அழைப்பிதழ் வேலைக்கு ஓட்டி வருவதால், அவருக்குச் சொன்னதைச் சற்று விரித்து எழுதுகிறேன்.

முதலில் அதற்குரிய பெருமையைக் கொடுத்துவிட வேண்டும். 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) ஆர்ட் கார்டு என்னும் வழவழப்பான அட்டையில் டிஜிட்டல் அச்சு எடுத்து அப்படியே மடித்தால், மேலே படிந்திருக்கும் டோனர் என்னும் அச்சுத் தூள் மடிப்பு நெடுகிலும் வெடித்து வெள்ளைக் கோடு காட்டும். அடர்பச்சை நிக்காஹ் அழைப்பிதழில் அது எட்ட நின்று பார்த்தாலே தெரியும். கத்தியால் லேசாகக் கீறி மடிப்பது இதற்கு மருந்தாகாது, ஏனெனில் கீறல் தாளின் நார்களையே அறுத்துவிடுகிறது. கிரீசிங்கில் மழுங்கிய தகடு அட்டையைக் கீழேயுள்ள பள்ளத்துக்குள் அழுத்த, நார்கள் அறுபடாமல் அடுக்கடுக்காகப் பிரிந்து மறுபக்கத்தில் சிறு புடைப்பாக எழும்புகின்றன. அந்தப் புடைப்பு உள்பக்கம் வருமாறு மடிக்க வேண்டும். பலர் அதைத் திருப்பி மடித்துவிட்டு மெஷினைத் திட்டுகிறார்கள். தகட்டின் தடிமனோடு அட்டையின் தடிமனில் ஒன்றரை முதல் இரண்டு மடங்கு வரை சேர்த்துப் பள்ளத்தின் அகலத்தைத் தேர்ந்தெடுத்தால், மடிப்பு விரலுக்கு வழவழவென்று இருக்கும்.

என் பொறுமையைச் சோதிப்பது, அட்டையைச் சரியான அளவில் நிறுத்தும் பின்பக்க ஸ்டாப்பர்தான். உப்புக் காற்றில் அதன் திருகாணி துருப்பிடித்து, இறுக்கினால் இறுகியது போலப் பாவனை காட்டி, வேலை சூடு பிடித்ததும் நழுவுகிறது. அரை மில்லிமீட்டர் நகர்ந்தால் போதும், மடித்த அட்டையின் ஒரு விளிம்பு மற்றதைத் தாண்டி நாக்கை நீட்டும். எண்ணெய் விட்டால் அட்டையில் கறை ஏறுகிறது. பழுது பார்க்க வந்தவரோ, கடலோரம் என்றால் அப்படித்தான் என்று சொல்லி, அதே ரகத் திருகாணியை மாட்டிவிட்டுக் காசு வாங்கிச் சென்றார். படகுச் சாமான் கடையில் துருப்பிடிக்காத திருகாணி ஒன்றை நானே வாங்கிப் போட்டேன். அதற்குள் ஸ்டாப்பரின் உள்மரை தேய்ந்துபோயிருந்தது.

எல்லாப் பழியையும் மெஷின் மீது போடுவதும் நியாயமில்லை. ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் தாள் நார் ஓட்டத்துக்கு, அதாவது நார்கள் படிந்திருக்கும் திசைக்கு, குறுக்கே கூடுதலாக உப்பும். தாள் கட்டைப் பிரித்து வைத்திருந்தால் அளவு மாறத்தான் செய்யும். மடிப்பு நார் ஓட்டத்துக்குக் குறுக்கே விழும்படி தாளை வெட்டியிருந்தால், எந்த மெஷினில் கிரீஸ் போட்டாலும் வெடிக்கும் அபாயம் உண்டு.

ஆயினும் வாங்க வேண்டாம் என்றே நண்பரிடம் சொன்னேன். இந்த விலையில் இவ்வளவு சுத்தமான மடிப்பு வேறெதிலும் வருவதாகத் தெரியவில்லை; விலையைக் குறைத்தவர்கள் அந்தத் திருகாணியை மாற்றியதாகவும் தெரியவில்லை. அவசர வேலை என்றால் அவர் அட்டைகளை இங்கே கொண்டு வரட்டும், நான் கிரீஸ் போட்டுத் தருகிறேன். கூலியை மட்டும் குறைக்க மாட்டேன்.