அமுக்கிய காற்றில் ஆற்றல்: சூட்டை விடுவதா, வைத்துக்கொள்வதா?

காரைக்குடியிலிருந்து கானாடுகாத்தான் போகும் வழியில் ஒரு பஞ்சர் கடையில் நின்றபோது, கம்ப்ரசரிலிருந்து டாங்குக்குப் போகும் குழாயைத் தெரியாமல் தொட்டுக் கையைச் சுட்டுக்கொண்டேன். ஆனால் டயருக்குப் போன காற்று சுடவில்லை. மின்சாரத்தால் காற்றை அமுக்கி வைத்து, தேவைப்படும்போது அதை விரியவிட்டு மீண்டும் மின்சாரம் எடுக்கலாம். இப்படி அமுக்கிய காற்றில் ஆற்றலைச் சேமிக்கும் முறைகளுக்கிடையிலான போட்டியெல்லாம், நடுவில் காணாமற்போன அந்தச் சூட்டைப் பற்றியதுதான்.

முதல் முறை அதை வெளியே விட்டுவிடுகிறது. 27 டிகிரி செல்சியஸில் உள்ள காற்றை வெப்பப் பரிமாற்றமில்லாமல் வளிமண்டல அழுத்தத்தின் பத்து மடங்குக்கு அமுக்கினால், அது 300 டிகிரியைத் தாண்டும். அதை ஆறவிட்டு, பிறகு அதே விதமாக விரியவிட்டால், உராய்வே இல்லாத இயந்திரத்திலும் செலவிட்ட வேலையில் சுமார் 52 விழுக்காடுதான் திரும்பும்; வெளிவரும் காற்று மைனஸ் 118 டிகிரிக்குக் குளிர்ந்துவிடும். 1978இல் ஜெர்மனியின் ஹன்டோர்ஃபில் தொடங்கிய நிலையம், உப்புக் குகையில் அடைத்த காற்றை இயற்கை எரிவாயு எரித்துச் சூடேற்றியே விரிக்கிறது. 1991இல் அமெரிக்காவின் மெக்கின்டாஷில் வந்த நிலையம், புகையோடு போகும் வெப்பத்தையும் மீட்டு எரிவாயுவைக் குறைத்தது. எரிவாயு இல்லாமல் இயங்காத ஒன்றைச் சேமிப்பு என்று மட்டும் அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

இரண்டாவது முறை அமுக்கும்போது எழும் வெப்பத்தைக் கற்களிலோ எண்ணெயிலோ தேக்கிவைத்து, விரியும் காற்றுக்கே திருப்பிக் கொடுக்கிறது. செட்டிநாட்டு வீட்டின் பருத்த சுவரும் பகல் வெப்பத்தை வாங்கி இரவில் மெல்ல விடுகிறது. ஆனால் இங்கே கற்படுகை 300 டிகிரியையும் உயர் அழுத்தத்தையும் ஒருசேரத் தாங்க வேண்டும், செலவு ஏறுவது அங்கேதான். பல கட்டங்களாக அமுக்கினால் சூடு தணியும், ஆனால் வெப்பமாற்றிகள் பெருகும். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் இழப்பு.

மூன்றாவதான வெப்பநிலை மாறா முறையில், அமுக்கும்போதே உருளைக்குள் நீரைத் தூவிச் சூட்டை உறிஞ்சிக்கொள்கிறார்கள். அதே பத்து மடங்குக்கு இது 29 விழுக்காடு குறைந்த வேலையே கேட்கும். கோட்பாட்டளவில் இதுவே சிறந்தது. ஆனால் வெப்பம் நீருக்குப் போக நேரம் வேண்டும், வேகமாக ஓட்டினால் பயன் சரிந்துவிடும். பெரிய நிலையத்துக்கு நான் இரண்டாவதையே தேர்வேன்.

வீட்டுக்கு என்றால் கணக்கே வேறு. பத்து மடங்கு அழுத்தத்தில் 200 லிட்டர் டாங்க் தரக்கூடிய உச்ச வேலை சுமார் 0.08 யூனிட், ஒரு சாதாரண மின்விசிறி ஒரு மணி நேரம் சுற்றுவதற்கு. 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி இன்வெர்ட்டர் பேட்டரியில் பெயரளவில் 1.8 யூனிட் இருக்கிறது. 1953 முதல் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் இயங்கும் காரைக்குடியில், பேட்டரிக்கு நான் பரிந்து பேசத் தேவையில்லை.