நோட்டா, ஃபாரெக்ஸ் கார்டா, ஏடிஎம்மா: என் ஏழு மாத யூரோ கணக்கு

2024 செப்டம்பர் கடைசியில் இத்தாலியிலிருந்து திரும்பிய இரண்டாம் நாள், மிச்சமிருந்த 600 யூரோவை எடுத்துக்கொண்டு வேலூர் காந்தி ரோட்டுக்குப் போனேன். சி.எம்.சி. மருத்துவமனையை ஒட்டிய அந்தப் பகுதியில் பணம் மாற்றும் கடைகளுக்குக் குறைவே இல்லை. முதல் கடையில் 87 ரூபாய் என்றார்கள். அடுத்த கடையில் 88. மூன்றாவது கடையில் பேசிப் பார்த்ததில் 88.50 வரை வந்தது. அன்று செய்தியில் யூரோவின் விலை 93.

"டாலர் கொண்டுவாங்க சார், உடனே நல்ல ரேட் தர்றேன். யூரோவை இங்க யார் கேக்கறாங்க? நான் சென்னைக்குத்தான் அனுப்பணும்" என்றார் கடைக்காரர்.

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. வேலூரின் பணம் மாற்றும் தொழில் வங்கதேசத்திலிருந்து சிகிச்சைக்கு வரும் குடும்பங்களை நம்பி வளர்ந்தது. அவர்கள் கொண்டுவருவது டாலரும் தங்கள் நாட்டு நாணயமான டாக்காவும். யூரோ நோட்டு வந்தால், அது விற்கும் வரை கடைக்காரரின் பணம் முடங்கிக் கிடக்கும். அந்த முடக்கத்துக்கான கூலியை நம்மிடம்தான் எடுப்பார். ஆனால் இதைப் பிப்ரவரியில் யூரோ வாங்கும்போதே யோசித்திருக்க வேண்டும். வெளிநாட்டுக்குப் பணம் கொண்டுபோவதைப் பற்றிக் கேட்பவர்கள் எல்லோரும் "எது மலிவாகக் கிடைக்கும்" என்றுதான் கேட்கிறார்கள். மிஞ்சியதை என்ன விலைக்குத் திருப்பி விற்போம் என்ற கேள்விதான் என் கணக்கைத் தீர்மானித்தது.

விஷயத்தை முதலிலிருந்து சொல்கிறேன். ராணிப்பேட்டையில் தோல் பதனிடும் தொழிற்சாலை ஒன்றில் வேலை எனக்கு. தஸ்கனி மாநிலத்தில், பீசாவுக்கும் ஃபிளாரன்ஸுக்கும் நடுவே சாந்தா குரோசே என்ற சிற்றூர் இருக்கிறது. நம் பக்கத்தில் ஒருகாலத்தில் ஆவாரம்பட்டையில் பதனிட்டதைப் போல, அங்கே இன்றும் செஸ்ட்நட், மிமோசா மரச் சாறுகளில் பதனிடுகிறார்கள். அதைக் கற்றுக்கொள்ள ஏழு மாதம். தங்குமிடம் அவர்கள் பொறுப்பு, சாப்பாடும் மற்றச் செலவும் என்னுடையது. மாதம் 500 யூரோ ஆகும் என்று போட்டு, 3,500 யூரோவுக்கு ஏற்பாடு செய்தேன். 2,000 நோட்டாக, 1,500 ஃபாரெக்ஸ் கார்டில் (வெளிநாட்டு நாணயத்தை முன்கூட்டியே ஏற்றிக்கொள்ளும் கார்டு). கூட வந்தவர் மேல்விஷாரத்துக்காரர், நான் பாய் என்றுதான் கூப்பிடுவேன். அவர் 300 யூரோ நோட்டும் ஒரு டெபிட் கார்டும் மட்டும் எடுத்துக்கொண்டார். எனக்கு அப்போது அது துணிச்சலாகப் பட்டது.

நோட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒரு பயணத்துக்கு 3,000 டாலர் மதிப்பு வரைதான் நோட்டாக வாங்க முடியும் (ஈரான், ரஷ்யா போன்ற சில நாடுகளுக்கு வேறு விதி). 50,000 ரூபாய்க்கு மேல் என்றால் ரொக்கமாகக் கொடுத்து வாங்க முடியாது, வங்கி வழியாகத்தான் கட்ட வேண்டும். வாங்கும்போதும் விற்கும்போதும் ஜிஎஸ்டி உண்டு, ஆனால் அது பெரிய தொகை அல்ல. நான் 92 ரூபாய் வீதம் 2,000 யூரோவை 1,84,000 ரூபாய்க்கு வாங்கியபோது அதற்கு ஜிஎஸ்டி 256 ரூபாய்தான். அன்று சந்தை விலை சுமார் 90. ஆக, யூரோவுக்கு 2 ரூபாய் கூடுதல். மோசமில்லை என்று நினைத்தேன். செலவாகியிருந்தால் மோசமில்லைதான்.

மிஞ்சிய 600 யூரோவின் கதை வேறு. 55,200 ரூபாய்க்கு வாங்கியது, விற்றபோது 53,100. இடையில் யூரோ 3 ரூபாய் ஏறியிருந்தும் 2,100 ரூபாய் நஷ்டம். அன்றைய சந்தை விலையோடு ஒப்பிட்டால் 2,700. ஜிஎஸ்டி 96 தனி. நாணயமாக 23 யூரோ இருந்தது, அதை மூன்று கடையிலும் கையில் வாங்கவே இல்லை. சில்லறையை யாரும் மாற்றித் தர மாட்டார்கள் என்பதைத் தெரிந்துகொண்டு, கிளம்புவதற்கு முந்தைய வாரமே காப்பிக்கடையில் கொடுத்துத் தீர்த்திருக்கலாம்.

ஏன் 600 மிஞ்சியது? பயம்தான். கையில் நோட்டு இருந்தால் அவசரத்துக்கு ஆகும் என்று கார்டைத் தேய்த்துக்கொண்டு நோட்டைப் பெட்டியில் பூட்டி வைத்திருந்தேன். இத்தாலியில் 2022 நடுவிலிருந்து, கார்டு வாங்க மறுக்கும் கடைக்கு அபராதம் என்று சட்டம் இருக்கிறது. நோட்டு நிஜமாகவே தேவைப்பட்ட இடங்கள் வாரச் சந்தை, பழைய சைக்கிள் வாங்கியது, தங்கும் அனுமதி விண்ணப்பத்துக்கு ஒட்ட 16 யூரோ முத்திரை வில்லை வாங்கியது, இவ்வளவுதான். வேறு நாடாக இருந்தால் இந்தக் கணக்கு மாறும். ஜெர்மனியில் இருக்கும் என் சித்தப்பா மகன் நோட்டு இல்லாமல் வெளியே கிளம்புவதில்லை.

ஃபாரெக்ஸ் கார்டு நோட்டைவிட நல்லது, சந்தேகமில்லை. 91.20க்கு ஏற்றினேன். தொலைந்தால் முடக்கலாம், நம் சேமிப்புக் கணக்கோடு தொடர்பில்லாததால் திருடு போனாலும் கார்டில் இருப்பது மட்டும்தான் ஆபத்தில் இருக்கும். பிள்ளைகள் வீட்டுக்குப் போய் ஆறு மாதம் தங்கும் அப்பா அம்மாவுக்கு நான் இதைத்தான் சொல்வேன். ஓடிபி தொல்லையும் அவ்வளவாக இல்லை. குறைகள்: ஏடிஎம்மில் எடுக்கும் ஒவ்வொரு முறையும் 2 யூரோ போனது. யூரோ ஏற்றிய கார்டை ஒரு ஞாயிற்றுக்கிழமை சுவிட்சர்லாந்து எல்லையைத் தாண்டிப் பயன்படுத்தியபோது, நாணயம் மாறியதற்கு மூன்றரை சதவீதம் தனியாகப் பிடித்தார்கள். ஊர் திரும்பி மிச்சம் 250 யூரோவைத் திருப்பிக் கேட்டபோது கிளைக்கு இரண்டு நடை, ஒரு படிவம், ஒன்பது நாள். கிடைத்தது 90.80. வாங்கிய விலைக்கு 40 காசுதான் குறைவு. நோட்டைவிட எவ்வளவோ மேல். ஆனால் சந்தை 93இல் இருந்த நேரம் அது.

இப்போது பாய் செய்த வேலைக்கு வருகிறேன். நான் சாய்வதும் இந்தப் பக்கம்தான்.

அவர் கொண்டுவந்தது சாதாரண டெபிட் கார்டு அல்ல. இந்த இடத்தைக் கவனமாகப் படியுங்கள், ஏனென்றால் இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். வழக்கமான வங்கி டெபிட் கார்டில் வெளிநாட்டில் பணம் எடுத்தால், பொதுவாக 3.5 சதவீதம் மார்க்அப் (நாணயம் மாற்றுவதற்கு வங்கி விலைமேல் வைக்கும் கூடுதல்), அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, ஆக 4.13 சதவீதம். அத்தோடு ஒவ்வொரு தடவைக்கும் நூறு, நூற்றைம்பது ரூபாய் கட்டணம். யூரோ 90 ரூபாய் விற்கும்போது 200 யூரோ எடுத்தால் ஏறக்குறைய 890 ரூபாய் கூடுதலாகப் போகும். யூரோவுக்கு நாலரை ரூபாய்! அதற்கு வேலூர்க் கடையில் நோட்டு வாங்கிக்கொண்டு போவதே மேல். மார்க்அப் இல்லாத டெபிட் கார்டுகளைச் சில வங்கிகள் தருகின்றன. அதில் விசாவோ மாஸ்டர்கார்டோ அன்றைக்கு வைக்கும் விலைக்கே பணம் கழிகிறது. அந்த விலையை அவர்கள் இணையதளத்தில் யாரும் பார்த்துக்கொள்ளலாம். சந்தை விலைக்கும் அதற்கும் வித்தியாசம் பைசாக் கணக்குதான். பாய் வைத்திருந்தது அந்த வகை.

மாதம் இரண்டு தடவை, 200 யூரோ வீதம் எடுப்பார். ஊரில் இருந்த இரண்டு வங்கிகளின் இயந்திரத்தில் கட்டணம் ஏதும் பிடிக்கவில்லை. மீதிப் பணம் வேலூரில் அவர் கணக்கிலேயே ரூபாயாக இருந்தது, வட்டியும் வந்தது. நடுவில் அவர் தங்கை கல்யாணச் செலவுக்கு வீட்டில் பணம் தேவைப்பட்டபோது அங்கிருந்தே அனுப்பினார். என் பணமோ அப்போது யூரோவாக என் பெட்டியிலும் கார்டிலும் கிடந்தது. திரும்பி வரும்போது அவரிடம் இருந்தது 40 யூரோ. விற்பதற்கு ஒன்றும் இல்லை, அதனால் விற்கும் விலையைப் பற்றிய கவலையும் இல்லை. நான் காந்தி ரோட்டில் கடை கடையாக ஏறி இறங்கிய அன்று அவர் வேலைக்குப் போய்விட்டார்.

இதற்கும் கவனிக்க வேண்டியவை உண்டு. கிளம்புவதற்கு முன்பே வங்கிச் செயலியில் வெளிநாட்டுப் பயன்பாட்டைத் திறந்துவிட வேண்டும். 2020க்குப் பிறகு கார்டுகள் உள்நாட்டுக்கு மட்டுமே திறந்தபடி வருகின்றன. நம் சிம்முக்கு ரோமிங் போட்டு வைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஓடிபி வராது. இரண்டு கார்டு வேண்டும், இரண்டும் ஒரே பர்சில் இருக்கக் கூடாது.

இன்னொன்று, எனக்கு நேர்ந்தது. ஃபிளாரன்ஸ் ரயில் நிலையத்தில் அவசரத்துக்கு என் வங்கி டெபிட் கார்டைப் போட்டு 200 யூரோ எடுத்தேன். "ரூபாயிலேயே கழிக்கட்டுமா" என்று திரையில் கேட்டது. ரூபாயில் தெரிந்தால் நல்லதுதானே என்று பச்சைப் பொத்தானை அழுத்தினேன். 19,900 ரூபாய் போனது. அன்றைய விலைக்கு 18,000தான் ஆகியிருக்க வேண்டும். அந்த இயந்திரத்துக்காரர் தன் இஷ்டத்துக்கு ஒரு விலை வைத்துக்கொள்ளும் ஏற்பாடு அது. கடையில் கார்டு தேய்க்கும்போதும் இதே கேள்வி வரும். எப்போதும் "கன்வெர்ஷன் வேண்டாம்", அந்த நாட்டு நாணயத்திலேயே கழியட்டும் என்று அழுத்துங்கள். மார்க்அப் இல்லாத கார்டு வைத்திருந்தாலும் இந்த ஒரு பொத்தானில் எல்லாச் சேமிப்பும் போய்விடும்.

சரி, விலை ஏறினால்? இதைக் கேட்காமல் யாரும் விடுவதில்லை, கேட்க வேண்டியதும்தான். 2025 ஏப்ரலில் மறுபடி ஐந்து மாதத்துக்குப் போனேன். இந்த முறை பாய் வழியில், மாதம் 400 யூரோ. கிளம்பியபோது யூரோ 95ஐ ஒட்டி இருந்தது, செப்டம்பரில் 103ஐத் தொட்டது. முன்கூட்டியே கார்டில் ஏற்றியிருந்தால் ஏறக்குறைய 5,000 ரூபாய் மிச்சமாகியிருக்கும். முதல் பயணத்தில் நோட்டில் விட்டதைவிட இது அதிகம். மறைக்க விரும்பவில்லை.

ஆனாலும் ஏன் இந்தப் பக்கம் சாய்கிறேன் என்றால், விலை எந்தப் பக்கம் போகும் என்று ஏப்ரலில் எனக்கும் தெரியாது, கடைக்காரருக்கும் தெரியாது. 2014 தொடக்கத்தில் 84 ரூபாய் அளவில் இருந்த யூரோ, 2015 மார்ச்சில் 67 அளவுக்கு இறங்கியது. அப்போது மொத்தமாக வாங்கிப் போனவர் நிலை என்ன? வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவே இருக்கும் அந்த இடைவெளி மட்டும் எந்த வருஷமும் மாறாமல் நம் தலையில் விழுகிறது. வேலூரில் யூரோவுக்கு அது இன்னும் அகலம். சென்னையில் கொஞ்சம் குறைவாக இருக்கலாம், நான் அங்கே விற்றுப் பார்த்ததில்லை. 600 யூரோவுக்காக ஒரு நாள் வேலையையும் போக வர பஸ் செலவையும் விட மனம் வரவில்லை. டாலர் நாட்டுக்குப் போகிறவர்களுக்கு இந்தக் கணக்கு இவ்வளவு கடுமையாக இருக்காது. காந்தி ரோட்டில் டாலருக்கு அன்றாடம் ஆள் இருப்பதால் விற்கும் விலையும் நெருங்கியே கிடைக்கிறது என்று அமெரிக்கா போய்வந்த பக்கத்து வீட்டு ஆசிரியர் சொன்னார்.

இப்போது யாராவது கேட்டால் நான் சொல்லும் அளவு இதுதான்: நோட்டாக 200 யூரோ, அதுவும் 10, 20 தாள்களாக. நிச்சயம் செலவாகும் என்று தெரிந்த முதல் இரண்டு மாதப் பணம் மட்டும் ஃபாரெக்ஸ் கார்டில். மற்றது எல்லாம் ரூபாயாகவே வீட்டில் இருக்கட்டும், தேவைக்கு ஏடிஎம்மில் எடுத்துக்கொள்ளலாம். ஒரு வருஷத்துக்கு மேல் தங்குகிறவர்கள், அங்கேயே சம்பளம் வாங்குகிறவர்கள் உள்ளூரில் கணக்குத் தொடங்குவதுதான் முறை. இத்தாலியில் அதற்கு வரி எண் வாங்க வேண்டும். ஏழு மாதத்துக்கு அந்த அலைச்சல் தேவைப்படவில்லை. ஆண்டுக்கு 10 லட்சத்துக்கு மேல் அனுப்புகிறவர்கள் வங்கி முன்கூட்டியே பிடிக்கும் வரியையும் (டிசிஎஸ்) பார்த்துக்கொள்ளுங்கள்.

மிஞ்சிய நோட்டைத் தெரிந்தவருக்கு நல்ல விலைக்குக் கொடுத்துவிடலாமே என்று தொழிற்சாலையில் இரண்டு பேர் கேட்டார்கள். வேண்டாம். அனுமதி பெற்ற வங்கியிடமோ கடையிடமோ மட்டும்தான் விற்கலாம், ரசீதையும் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். திரும்பி வந்த 180 நாளுக்குள் மாற்றிவிட வேண்டும். ஆனால் 2,000 டாலர் மதிப்பு வரை நோட்டாகவே வைத்துக்கொள்ளவும் விதி இடம் தருகிறது. அது தெரியாமல்தான் அந்த 600ஐ இரண்டாம் நாளே அவசரமாக விற்றேன், ஏழு மாதத்தில் மறுபடி அதே ஊருக்குப் போகப்போகிறேன் என்பதும் அன்று தெரியாது. 2025 பயணத்தில் 60 யூரோ மிஞ்சியது. அது பாஸ்போர்ட் உறைக்குள் அப்படியே இருக்கிறது. பழைய 23 யூரோ சில்லறையில் பெரும்பகுதியை இரண்டாம் முறை பீசா நிலையத்துக் காப்பிக்கடையில் கொடுத்துவிட்டேன்.