28 நாள் கெடு: மெயிலிலேயே பக் பார்க்கும் டெபியன் முறையும் நானும்

பர்மாவின் மோல்மேனிலிருந்து ஒரு தம்பி கேட்டிருந்தான். "அண்ணே, டெபியன்ல பக் போடுறது, மாத்துறது, மூடுறது எல்லாமே மெயில்லதான்னு சொல்வீங்களே. எங்க ஆபீசுக்கும் அதே மாதிரி வைக்கலாமான்னு யோசிக்கிறேன். நம்ம ஊர் கரண்டுக்கும் லைனுக்கும் அது தாங்குமா?"

டெபியன் என்பது தன்னார்வலர்கள் சேர்ந்து நடத்தும் லினக்ஸ் இயங்குதளம். பக் என்பது மென்பொருளில் இருக்கும் பிழை, அதைப் பற்றி எழுதும் பதிவுக்கும் அதே பெயர்தான். தாங்குமா என்றால், தாங்கும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அவன் கேட்ட வாரத்தில்தான் ஒரு பழைய பக்கைத் திறக்கப் போய், மூடிய பக்கை 28 நாளில் கிடங்குக்கு அனுப்பிவிடும் விதியில் மறுபடி முட்டிக்கொண்டு நின்றேன். அதனால் நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ரங்கூனில் எங்கள் கடையில் டி.டி.பி. வேலை. கல்யாணப் பத்திரிகை, கோயில் திருவிழா நோட்டீஸ், தமிழ் வகுப்புகளுக்கு வினாத்தாள். பெரும்பாலும் மேலே தமிழ், கீழே பர்மியம். 2019 அக்டோபர் 1ஆம் தேதி நாடே சாவ்ஜி என்ற பழைய பர்மிய எழுத்துரு முறையை விட்டு யூனிகோடுக்கு மாறுவதாக அறிவித்த பிறகு எங்கள் வேலை எல்லாம் டெபியனில்தான். பர்மிய எழுத்தில் சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது. வரியை எங்கே உடைப்பது என்று மென்பொருள் அகராதியைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். தமிழும் பர்மியமும் ஒரே பத்தியில் வந்தால் சில நிரல்கள் திணறும். அங்கிருந்துதான் நான் பக் எழுத ஆரம்பித்தது.

முறை தெரியாதவர்களுக்கு ஒரு வரி. இணையப் பக்கத்தில் பக்குகளைப் பார்க்க மட்டும்தான் முடியும். ஒன்றைப் புதிதாகப் பதிவதென்றால் சப்மிட் முகவரிக்கு மெயில். தலைப்பு மாற்ற, தீவிரத்தைக் கூட்டக் குறைக்க, வேறு பேக்கேஜுக்கு, அதாவது வேறு மென்பொருள் தொகுப்புக்குத் தள்ள, இரண்டை ஒன்றாக்க என்றால் கண்ட்ரோல் முகவரிக்கு மெயில். மூடுவதென்றால் பக் எண்ணோடு 'டன்' சேர்த்த முகவரிக்கு, ஏன் மூடுகிறோம் என்ற விளக்கத்தோடு மெயில். 1994இல் இயன் ஜாக்சன் எழுதத் தொடங்கிய டெப்பக்ஸ் என்ற மென்பொருள்தான் இன்றும் ஓடுகிறது. குனு என்ற கட்டற்ற மென்பொருள் திட்டமும் ஈமாக்ஸ் எழுத்துத் தொகுப்பி உட்படப் பலவற்றுக்கு அதையே வைத்திருக்கிறது. 2021 நவம்பரில் டெபியனின் பக் எண் பத்து லட்சத்தைத் தாண்டியது.

இதன் உண்மையான மதிப்பு எங்களைப் போன்ற ஊரில்தான் தெரியும். இங்கே மின்சாரம் முறை வைத்து வரும், போகும். மின்சாரம் போனால் ரவுட்டர் போகும். மடிக்கணினியில் பேட்டரி இருக்கும், லைன் இருக்காது. இணையப் படிவத்தில் பாதி எழுதியிருக்கும்போது இது நடந்தால் எழுதியது அம்போ. டெபியனில் பக் எழுத உதவும் ரிப்போர்ட்பக் என்ற நிரல் அப்படி இல்லை. எந்தப் பேக்கேஜ், எந்தப் பதிப்பு, எதைச் சார்ந்து இருக்கிறது, கர்னல் எது, மொழி அமைப்பு எது என்று எல்லாவற்றையும் கணினியிலிருந்தே எடுத்து எழுதி வைக்கும். அனுப்பாமல் கோப்பாகச் சேமிக்கச் சொன்னால் சேமிக்கும். நிதானமாக உட்கார்ந்து, என்ன செய்தேன், என்ன வந்தது, என்ன வந்திருக்க வேண்டும் என்று மூன்றையும் எழுதி வரிசையில் போட்டுவிடலாம். லைன் வந்ததும் தானே போகும். கணினியிலேயே போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மெயில் அனுப்பும் நிரலை வைத்திருந்தால் அது தன் இயல்பு அமைப்பில் 5 நாள் வரை விடாமல் முயன்று பார்க்கும்.

2021 பிப்ரவரியில் இரவு 1 மணிக்கெல்லாம் இணையத்தை நிறுத்தினார்களே, மார்ச்சில் கைப்பேசி டேட்டாவும் போனதே, அப்போது வரிசையில் கிடந்த மெயில்கள் லைன் கிடைத்த நேரத்தில் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்ச் சேர்ந்தன. நான் உட்கார்ந்து காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. அந்த நாட்களில் என் மனதுக்கு இருந்த சின்ன ஆறுதல் அது. ஒரு மெயில் என்பது சில கிலோபைட்தான். எந்த மோசமான லைனிலும் நுழைந்து போய்விடும்.

கண்ட்ரோலிடமிருந்து வரும் பதிலும் எனக்குப் பிடிக்கும். உடனே வராது, ஆனால் வரும்போது முழுமையாக வரும். நாம் எழுதிய ஒவ்வொரு கட்டளையையும் திருப்பி எழுதி, அதன் கீழே என்ன நடந்தது என்று சொல்லும். தீவிரம் இதிலிருந்து இதற்கு மாறியது, பேக்கேஜ் இதிலிருந்து அதற்குப் போனது என்று எல்லாம் இருக்கும். பேங்க் பாஸ்புக் மாதிரி. கட்டளைகள் முடிந்ததும் 'தேங்க்ஸ்' என்று ஒரு வரி போட வேண்டும், அதோடு அது படிப்பதை நிறுத்திக்கொள்ளும். போடாவிட்டால் கீழே இருக்கும் கையெழுத்து, கடை விலாசம் எல்லாவற்றையும் கட்டளையாக நினைத்து, இது புரியவில்லை அது புரியவில்லை என்று எழுதி அனுப்பும். கைப்பேசி மெயில் செயலியிலிருந்து அனுப்புகிறவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். வெறும் எழுத்து மெயிலாக அனுப்புவதே நல்லது.

யார் வேண்டுமானாலும் எந்தப் பக்கையும் மாற்றலாம் என்பது அடுத்தது. கணக்கு வேண்டாம், கடவுச்சொல் வேண்டாம். உபுண்டு என்ற இன்னொரு லினக்ஸின் பக் தளமான லாஞ்ச்பேடிலும் மெயில் கட்டளைகள் உண்டு, ஆனால் அங்கே ஜிபிஜி என்ற மின்னணுக் கையொப்பம் இட்டு அனுப்ப வேண்டும். இங்கே அதுவும் கிடையாது. முப்பது வருடமாக இந்த நம்பிக்கையின் மேல்தான் இது நடக்கிறது. பெகுவில் உட்கார்ந்திருக்கும் ஒரு பையனின் மெயிலும் பேக்கேஜைப் பராமரிக்கும் பெரிய மெயின்டெய்னரின் மெயிலும் கண்ட்ரோலுக்கு ஒன்றுதான். இதை நான் லேசாகச் சொல்லவில்லை. வேறு எங்கே நமக்கு இப்படி ஒரு சம இடம் கிடைக்கிறது?

அதற்கு ஒரு விலை உண்டு, நம் ஊர்க்காரர்கள் அதைத் தெரிந்துகொண்டே இறங்க வேண்டும். அனுப்பும் மெயில் எல்லாம் பொதுவில் நிற்கும். பெயர், மெயில் முகவரி, உள்ளே எழுதியது எல்லாம் தெரியும். மெயிலின் முழுத் தலைப்பு வரிகளையும் யாரும் இறக்கிப் பார்க்கலாம், அதில் அனுப்பிய இடத்தின் ஐபி முகவரிகூட இருக்கக்கூடும். பிறகு வருந்தி நீக்கச் சொன்னால் நடக்கும் என்று எண்ண வேண்டாம். பக்குகளுக்கென்று தனி முகவரி ஒன்று வைத்துக்கொள், தம்பி. வாடிக்கையாளரின் பத்திரிகையை அப்படியே இணைக்காதே. பெயர்களை மாற்றி ஒரு சின்ன மாதிரி செய்து இணை.

இனி அந்த 28 நாள்.

ஒரு பக் மூடப்பட்டு, கடைசி மெயில் வந்து 28 நாள் வேறு பேச்சில்லாமல் கிடந்தால் அது பழம்பதிவுக் கிடங்குக்குப் போய்விடும். பிறகு அந்த எண்ணுக்கு மெயில் போட்டால் ஏற்காது. பட்டியலிலும் சாதாரணமாகத் தெரியாது, கிடங்கையும் சேர்த்துக் காட்டு என்று தனியாகக் கேட்க வேண்டும்.

28 நாள் போதாதா என்று கேட்கலாம். பக் எப்போது மூடப்படுகிறது என்பதைப் பாருங்கள். திருத்தம் அன்ஸ்டேபிளில், அதாவது புதியவை முதலில் வந்து சேரும் பிரிவில், ஏறிய அன்றே 'முடிந்தது' என்று மெயில் வந்துவிடும். நான் ஓட்டுவது ஸ்டேபிள், முறையாக வெளியிட்ட நிலையான பதிப்பு. கடை இயந்திரத்தில் அதைத்தானே வைக்க முடியும்? டெபியன் 12 வந்தது 2023 ஜூனில், 13 வந்தது 2025 ஆகஸ்டில். 12 வெளியான சில மாதத்தில் திருத்திய ஒன்று என் மேசைக்கு வந்து சேர இரண்டு வருடம் ஆகும். இடையில் வரும் சிறு வெளியீடுகளில் பாதுகாப்புத் திருத்தங்களும் தீவிரமான பிழைகளும்தான் பெரும்பாலும் இடம்பெறும். பர்மிய வரி தப்பான இடத்தில் உடைவது யாருக்குத் தீவிரம்? பத்திரிகை அடிக்கிற எனக்குத்தான்.

எந்தப் பதிப்பில் பிழை இருக்கிறது, எதில் திருந்தியது என்று டெப்பக்ஸ் தனியாகக் கணக்கு வைத்திருக்கிறது. அது மிக நல்ல ஏற்பாடு. ஆனால் சாதாரணத் தீவிரம் உள்ள பக் அன்ஸ்டேபிளிலும், அடுத்த வெளியீட்டுக்குத் தயாராகும் டெஸ்டிங்கிலும் திருந்திவிட்டால் கிடங்குக்குப் போகத் தடை இல்லை. ஸ்டேபிளில் அது இன்னும் உயிரோடு இருந்தாலும் சரி. அதாவது என் திரையில் தினமும் தெரிகிற பிழை, பட்டியலில் தெரியாது.

சரி, திருத்தம் உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று சோதிக்கலாம் என்றால் அன்ஸ்டேபிளைத் தனியாக ஒரு மூலையில் நிறுவ வேண்டும். அதற்கு நூற்றுக்கணக்கான மெகாபைட் இறக்க வேண்டும், லைன் நன்றாக இருக்கும் நேரம் பார்த்துத்தான் செய்ய முடியும். மின்சாரமும் அதே நேரத்தில் இருக்க வேண்டும். மார்ச் கடைசியில் ஒரு பக் மூடப்பட்டது என்று வையுங்கள். ஏப்ரலில் திங்யான் தண்ணீர்த் திருவிழா, நாடே நிற்கும். அதே வாரத்தில் நமக்குச் சித்திரைப் புத்தாண்டு. அதற்கு முன்னால் அச்சு வேலை கழுத்து வரை இருக்கும். எல்லாம் முடிந்து நிமிர்ந்து சோதித்துப் பார்த்தால், தமிழும் பர்மியமும் கலந்த பத்தியில் பிழை அப்படியேதான் இருக்கிறது. சொல்லலாம் என்று பார்த்தால் கெடு போய்விட்டது.

நியாயத்தையும் சொல்ல வேண்டும். கிடங்கு இல்லாவிட்டால் லட்சக்கணக்கான பழைய எண்களுக்குக் குப்பை மெயில் வந்து குவியும். மெயின்டெய்னர்கள் சம்பளம் வாங்காமல் செய்கிறவர்கள், அவர்கள் பார்க்கும் பட்டியல் சுத்தமாக இருக்க வேண்டும். கிடங்கு பூட்டும் அல்ல. யாரிடமும் அனுமதி கேட்காமல் ஒரே மெயிலில் வெளியே எடுக்கலாம். இன்னொன்று, திறந்த பக்கை இவர்கள் வயதைக் காட்டி மூடுவதில்லை. மற்ற இடங்களில் சில மாதம் பேச்சில்லை என்றால் இயந்திரமே வந்து மூடிவிட்டுப் போகிறது. இங்கே இருபது வருடப் பழைய பக் திறந்தபடியே நிற்பதைப் பார்க்கலாம். ஒருவர் பக்கை மூடும்போது, 'பிரச்சினை தீர்ந்தது என்று நீங்கள் சொல்கிறீர்கள், தீரவில்லையென்றால் மறுபடி திறப்பது இனி உங்கள் பொறுப்பு' என்ற பொருளில் மூடியவருக்கே கறாராக ஒரு மெயில் போகும். அந்தக் கறார் எனக்கு மிகவும் பிடிக்கும்.

இவ்வளவும் தெரிந்தும் கோபம் ஏன்? வழி எனக்குத் தெரியும், அதனால் எனக்கு இரண்டு வரி வேலைதான். முதல் முறை எழுதுகிறவனுக்கு? தமிழ்ப் பையன் ஒருவன், இரவல் மடிக்கணினியில், அரைகுறை ஆங்கிலத்தில், வாரக்கணக்கில் யோசித்து 'இன்னும் சரியாகவில்லை' என்று எழுதுகிறான். அவன் சொன்னது யார் காதிலும் விழுவதில்லை. தன்னை வேண்டாம் என்கிறார்கள் என்றுதான் அவன் நினைப்பான். நினைத்துவிட்டு அடுத்த பக்கை எழுத மாட்டான். நல்ல லைன் உள்ள ஊரில் மூடிய அன்றே சோதித்து அன்றே பதில் போடுகிறவனுக்கு இந்தக் கெடு கண்ணிலேயே படாது. படுவது எங்களைப் போன்றவர்களுக்குத்தான். எழுத்துருவும் வரி உடைப்பும் எங்கள் மொழிக்குச் சரியில்லை என்று சொல்லக்கூடியவர்களும் நாங்கள்தான். சொல்ல வேண்டியவர்களையே கெடு வைத்து வெளியே நிறுத்தினால் அந்த மொழிகளின் பிழை எப்படித் தீரும்? 28ஐ 180 ஆக்கினால் என்ன குறைந்துபோகும்? ஸ்டேபிளில் பிழை இருக்கும்வரை கிடங்குக்கு அனுப்புவதில்லை என்று வைத்தால்தான் என்ன?

ஆகவே தம்பி, மதிப்பெண் கேட்டால் இன்றைக்கு ஐந்துக்கு இரண்டுதான். மேலே புகழ்ந்தது ஒன்றையும் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை, ஆனாலும் இரண்டுதான். உன் ஆபீசுக்கு வேண்டாம். உன் பையன்கள் கட்டளை வரிகளைப் பழகுவதற்குள் நீ களைத்துவிடுவாய். அங்கே எல்லோரும் ஒரே அறையில்தானே இருக்கிறீர்கள், ஒரு நோட்டுப் புத்தகம் போதும். ஆனால் டெபியனில் பிழை கண்டால் எழுதாமல் விடாதே. நான் விடப்போவதில்லை.

எழுதிய பக் மூடப்பட்டது என்று மெயில் வந்தால் சோதிக்க நேரம் இல்லாவிட்டாலும் அந்த எண்ணுக்கு உடனே ஒரு வரி போடு: ஸ்டேபிளில் இருக்கிறேன், லைன் கிடைத்ததும் சோதித்துச் சொல்கிறேன் என்று. கெடு கடைசி மெயிலிலிருந்துதான் ஓடும். அதையும் தாண்டிவிட்டால், கண்ட்ரோலுக்கு ஒரே மெயில். முதல் வரியில் 'அன்ஆர்க்கைவ்', பக் எண். இரண்டாவது வரியில் 'ஃபவுண்ட்', அதே எண், நீ சோதித்த பேக்கேஜின் பதிப்பு. திருத்தம் வந்ததாகச் சொன்ன பதிப்போ அதற்குப் பிந்தியதோ என்றால் பக் தானே மறுபடி திறந்துகொள்ளும். மூன்றாவது வரியில் 'தேங்க்ஸ்'. அதற்குப் பதில் வந்த பிறகு, என்ன பார்த்தாய் என்பதை அந்த எண்ணுக்குத் தனி மெயிலாக எழுது. வரிசை மாறக் கூடாது. கட்டளைகளை ஆங்கிலத்தில், சின்ன எழுத்தில், ஒரு வரிக்கு ஒன்றாகப் போடு.