தீயேற மறுத்தவளின் கதை: ‘தி ஜாஸ்மின் த்ரோன்’ நாவல் விமர்சனம்

வாளேந்திய பெண்களை நாயகிகளாகக் கொண்ட மிகுபுனைவு (ஃபேன்டசி) நாவல்கள் ஆங்கிலத்தில் இப்போது ஆண்டுதோறும் வந்து குவிகின்றன. பெண்ணின் கையில் ஓர் ஆயுதத்தைக் கொடுத்து, எதிரே ஒரு கொடிய மதகுருவை நிறுத்திவிட்டால் கதை தானாக நடந்துவிடும் என்ற நம்பிக்கையில் எழுதப்பட்டவையே அவற்றில் அதிகம். பிரிட்டனைச் சேர்ந்த எழுத்தாளர் தாஷா சூரி எழுதி 2021இல் வெளிவந்த ‘தி ஜாஸ்மின் த்ரோன்’ அந்த வகையறாவில் அடங்காது. இந்திய வரலாற்றையும் இதிகாசங்களையும் உரமாகக் கொண்டு எழுந்த இந்நாவல், ‘பர்னிங் கிங்டம்ஸ்’ என்ற முத்தொகுதியின் முதல் நூல். 2022ஆம் ஆண்டின் உலக மிகுபுனைவு விருதையும் பெற்றது. விருதுச் செய்தியைக் கேட்டு வாங்கிய பல புத்தகங்கள் அலமாரியில் பாதி படித்த நிலையிலேயே கிடக்கின்றன. இது அப்படிக் கிடக்கவில்லை. இராமநாதபுரம் சீமையில் பிறந்து வளர்ந்த ஒருவர் இதைக் கீழே வைப்பது எளிதல்ல என்பதே காரணம்.

கதை ஒரு சிதையிலிருந்து தொடங்குகிறது. பாரிஜாதத்வீபம் என்ற பேரரசின் மன்னன் சந்திரா, தன் தங்கை மாலினியைத் தீயில் இறங்கச் சொல்கிறான். அதை அவன் தண்டனை என்று சொல்வதில்லை. முற்காலத்தில் யக்ஷர்கள் என்னும் வனசக்திகள் நாட்டின்மேல் படையெடுத்தபோது, சில பெண்கள் மனமுவந்து தீயில் இறங்கி, அத்தீயின் வலிமையால் மண்ணைக் காத்தார்கள் என்பதும், அவர்களே தீயின் அன்னையர் என்று வணங்கப்படுகிறார்கள் என்பதும் பேரரசின் சமயக்கதை; அந்தத் தெய்வ வரிசையில் தங்கைக்கும் ஓர் இடம் கிடைக்கட்டும் என்பது அண்ணனின் வாதம். தோழியர் நரினாவும் அலோரியும் சிதையேறிவிடுகிறார்கள். மாலினி மறுக்கிறாள். மனம் மாறி அவளே சிதையைக் கேட்கும்வரை, பேரரசுக்கு அடங்கிய அஹிரண்யா நாட்டில், தீயில் பாழான ஹிரணா கோயிலில் அவளைச் சிறை வைக்கிறார்கள். அங்கே அவளைப் பார்த்துக்கொள்ள அமர்த்தப்படும் பிரமிளா, எரிந்துபோன நரினாவின் தாய். ஊசிப்பூ நஞ்சு கலந்த மதுவைப் புகட்டி மாலினியை மயக்கத்திலேயே கிடத்துகிற இந்தப் பெண்மணிக்கு, மகளைத் தின்ற மதத்தின் மேல் வராத கோபம், சாகாமல் தப்பியவள் மேல் வருகிறது. நாவலில் வரும் போர்களையெல்லாம் விட, ஒரே அறைக்குள் இந்த இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருக்கும் பக்கங்களே என்னை அதிகம் கலங்கடித்தன.

நம் பக்கத்து வாசகருக்கு இதைக் கற்பனை உலகம் என்று ஒதுக்கிவிட முடியாது. இராமநாதபுரத்தை ஆண்ட கிழவன் சேதுபதி 1710இல் மறைந்தபோது அவருடைய மனைவியர் 47 பேர் அவருடன் சிதையேறியதாக அக்காலத்துச் சேசு சபைக் குருமாரின் கடிதங்கள் வழியே அறிகிறோம். உடன்கட்டை ஏறிய பெண்களுக்கு எடுத்த கோயிலை மாலையீடு என்று இச்சீமையில் சொல்வதுண்டு. தீப்பாய்ந்த அம்மன் என்ற பெயரில் குலதெய்வமாக வைத்துக் கும்பிடும் குடும்பங்களும் தமிழகத்தில் இருக்கின்றன. அப்படிப்பட்ட அம்மனுக்குச் சேலை சாத்திப் பொங்கல் வைப்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள், எரிந்தவளைத் தெய்வமாக்குகிற பேச்சில் பக்தியும் வன்முறையும் எப்படிப் பிரிக்க முடியாமல் கலந்து கிடக்கின்றன என்பதை இந்த நாவலின் முதல் சில பக்கங்களிலேயே கண்டுகொள்வார்கள். சந்திராவின் அவையில் யாரும் மாலினியைக் கொல்லப்போவதாகச் சொல்வதில்லை. எல்லாரும் அவளை வாழ்த்துகிறார்கள்.

அதே சமயம், தீயில் பாய்ந்த எல்லாப் பெண்களையும் ஒரே கணக்கில் எழுதிவிடவும் நாவல் நம்மை விடுவதில்லை. இராமநாதபுரத்து இளவரசியாகப் பிறந்து சிவகங்கையின் அரசியான வேலு நாச்சியார் 1780இல் தம் சீமையை மீட்டபோது, அவர் படையைச் சேர்ந்த குயிலி தன் உடலில் தீ மூட்டிக்கொண்டு ஆங்கிலேயரின் ஆயுதக் கிடங்கில் பாய்ந்தாள் என்று வாய்மொழி மரபு சொல்கிறது. குயிலியைப் போற்றுகிற நாவால் அந்த 47 பேரின் சாவையும் போற்ற முடியுமா? அன்னையர் மனமுவந்து எரிந்தார்கள் என்ற நிபந்தனையைக் கையில் எடுத்துக்கொண்டு, அந்த மனத்தை வரவழைக்க ஓர் அரசும் ஒரு மதபீடமும் என்னென்ன செய்யும் என்று தாஷா சூரி ஒவ்வொன்றாகக் காட்டுகிறார்: தனிமைச் சிறை, மயக்க மது, தோழியரின் சாவு, தாயின் சாபம். இதற்கெல்லாம் பிறகு கிடைக்கும் சம்மதம் யாருடைய சம்மதம் என்ற கேள்வியே நாவலின் முதுகெலும்பு.

மாலினியிடம் வாள் இல்லை. பாதி நூல்வரை நிமிர்ந்து நடக்கும் தெம்புகூட இல்லை. அவளிடம் இருப்பது பேச்சும் கடிதமும், இளமையிலேயே கற்றுத் தேர்ந்த அரசியலும்தான். தன்னைச் சிதைக்கு அனுப்பிய மறைமொழிகளை அவள் பொய் என்று தூக்கி எறிவதில்லை. அவற்றைத் தன் பக்கம் சாட்சி சொல்ல அழைக்கிறாள். அன்னையர் யாரைத் தேர்ந்தார்கள், தீ யாருக்கு அடங்கும் என்ற மொழியிலேயே அவள் படைத்தலைவர்களிடம் பேசத் தொடங்கும் இடங்களில் நமக்கு மகிழ்ச்சியும் அச்சமும் ஒருசேர எழுகின்றன. அண்ணனின் ஆயுதத்தைப் பறித்தவள் அதைக் கீழே போடுவாளா என்பதற்கு ஆசிரியர் எளிதான உறுதி எதையும் தருவதில்லை.

இதனுடன் இணைத்துப் படிக்க வேண்டியது ராவின் கதை. அலோரியின் உடன்பிறந்தவனான அவன், பெயரற்ற கடவுளை வழிபடும் அலோர் நாட்டு இளவரசன். அந்நாட்டு அரச குலத்தில் குழந்தைக்கு இடப்படும் பெயரே ஒரு தீர்க்கதரிசனம். அது நிறைவேறும் நேரம் வரும்வரை வெளியே சொல்லக் கூடாது. தன் பெயரையே தன்னால் உரக்கச் சொல்ல முடியாத ஓர் இளைஞன், தங்கையைப் பறிகொடுத்த துயரத்தையும் சுமந்துகொண்டு நடக்கிறான். அவன் பெயர் என்ன என்பதை இங்கே சொன்னால் வாங்கிப் படிப்பவருக்கு நான் செய்யும் துரோகமாகிவிடும். அது வெளிப்படும் இடம் நூலின் உச்சம் என்பதை மட்டும் சொல்லலாம்.

போர்ப்பெண் என்று சொல்லத்தக்கவள் பிரியா. வெளியுலகுக்கு அவள் ஆளுநரின் மாளிகைப் பணிப்பெண். உண்மையில் ஹிரணா கோயிலில் வளர்ந்த குழந்தைகளில் எஞ்சிய ஒருத்தி. மற்றக் குழந்தைகளைப் பெரியவர்களோடு சேர்த்துப் பேரரசு எரித்தது. இரவில் பணிப்பெண்கள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஹிரணாவின் வழுக்கும் கற்களில் ஏறுவதும், ஒவ்வொரு அடியிலும் பாறை இடம் மாறுவதும், பிரியாவின் பாதம் பட்ட இடத்தில் மட்டும் கல் அவளை அடையாளம் கண்டுகொள்வதும் மிக நேர்த்தியாக எழுதப்பட்டுள்ளன. மனிதர்களின் தோலில் இலையும் வேரும் முளைக்கும் ஒரு நோய் அந்நாட்டைப் பிடித்திருக்கிறது. அந்நோய் கண்ட ருக் என்ற சிறுவனுக்காகப் பிரியா புனித மரத்தின் மணிகளைத் தேடி அலைவதில், மந்திர சக்தியைப் பற்றிய எந்த நீண்ட விளக்கத்தையும் விட அவள் இயல்பு நமக்குப் புலப்படுகிறது. பிரியாவுக்கும் மாலினிக்கும் இடையே வளரும் காதலை ஆசிரியர் அவசரப்படுத்தவில்லை. ஒருத்தி இன்னொருத்தியைப் பயன்படுத்திக்கொள்கிறாளோ என்ற ஐயம் கடைசிவரை அதனுடன் ஒட்டியே வருகிறது. ஆளுநரின் கர்ப்பிணி மனைவியாகப் பணிந்து நடந்துகொண்டே, தன் மக்களைச் சத்தமில்லாமல் காத்துவரும் பூமிகாவுக்கு இன்னும் நிறைய பக்கங்கள் கொடுத்திருக்கலாம்.

குறைகளும் உண்டு. ஒவ்வோர் அத்தியாயமும் ஒரு பாத்திரத்தின் பெயரால் அமைந்து பார்வை மாறிக்கொண்டே இருப்பதால், நடுப்பகுதி இழுக்கிறது. அசோக்கின் கிளர்ச்சிக் குழு வரும் அத்தியாயங்கள் சில ஒன்றையே திரும்பச் சொல்கின்றன. இவற்றை விடப் பெரிய குறை சந்திரா. நேரில் அதிகம் தோன்றாத அவன், தோன்றும்போது மதவெறி என்ற ஒரே நிறத்தில் மட்டுமே தெரிகிறான். வரலாற்றில் அரசர்கள் இவ்வளவு எளிமையாக இருந்ததில்லை. கீழக்கரையின் இஸ்லாமியரான சீதக்காதி வள்ளலைத் தம் உற்ற துணையாக வைத்துக்கொண்ட அதே கிழவன் சேதுபதியின் ஆட்சியில்தான், அவர் ஆணைப்படி, கிறித்தவக் குரு அருளானந்தர் 1693இல் ஓரியூரில் வெட்டுண்டு இறந்தார். பிற சமயத்தாரை அணைத்த கையும் ஒடுக்கிய கையும் ஒன்றாக இருந்த ஒரு மன்னரை அறிந்த ஊர்க்காரர்களுக்கு, சந்திரா சற்றுச் சப்பென்றே இருப்பான். கொடுமை செய்பவனுக்கும் தன் நம்பிக்கையில் ஓர் அழகு தெரிந்திருக்கும் அல்லவா? அந்த அழகை அவன் கண்ணால் ஒருமுறை பார்க்கவிட்டிருந்தால், சிதையின் பயங்கரம் இன்னும் கூடியிருக்கும்.

ஆங்கில நடை கடினமானதன்று. கல்லூரி அளவில் ஆங்கிலம் படித்தவர்கள் அகராதி இல்லாமலே படித்துவிடலாம். மஹால், வேட்டி, சேலை போன்றவை விளக்கமின்றி இயல்பாக வருவது நமக்கு வசதி. உயிரோடு எரித்தல், குழந்தைகளின் சாவு, போதைக்கு அடிமையாக்குதல் ஆகியவை ஒளிவுமறைவின்றி எழுதப்பட்டிருப்பதால், பள்ளி மாணவர்களுக்கு வாங்கித் தர வேண்டாம்.

புத்தகத்தைப் பொருளாகப் பார்த்தால், ஐந்நூறு பக்கங்களுக்கு மேற்பட்ட பேப்பர்பேக். எழுத்து சற்றுச் சிறியது. மண்டபம், பாம்பன் பக்கத்து உப்புக்காற்றில் முன்னட்டை மேல்நோக்கிச் சுருண்டுவிடுகிறது, முதுகில் வெள்ளைக் கோடுகள் விழுந்துவிடுகின்றன. கடலோரத்தில் இருப்பவர்கள் கிடைத்தால் கெட்டி அட்டைப் பதிப்பை வாங்குவது நல்லது, அல்லது மின்னூலாகப் படிக்கலாம். கதை இந்நூலிலேயே முடிந்துவிடாது. ‘தி ஒலியாண்டர் ஸ்வார்ட்’ 2022இலும் ‘தி லோட்டஸ் எம்பயர்’ 2024இலும் வெளிவந்துள்ளன. மூன்றையும் ஒரே நேரத்தில் வாங்கிவிட வேண்டாம். முதல் நூலின் சிதைக் காட்சியையும் ஹிரணா ஏறும் அத்தியாயத்தையும் கடையிலேயே நின்று படித்துப் பாருங்கள். அவை பிடித்துப்போனால், நடுவே இழுக்கும் நூறு பக்கங்களை நீங்கள் பொறுத்துக்கொள்வீர்கள்.