பீல் மக்கள்: 'பட்டியல் பழங்குடி'யா, 'ஆதிவாசி'யா?

படிவத்தில் ஒரு பெயரும் பேச்சில் மற்றொன்றுமாக வாழும் பீல் பழங்குடி இளைஞர்கள் தங்களை எப்படி அழைத்துக்கொள்வது?

சட்டம்: 'பட்டியல் பழங்குடி' என்பது பழங்குடிகளைப் பட்டியலிட வழிசெய்யும் அரசியலமைப்பின் 342-ஆவது பிரிவைச் சார்ந்தது, 'ஆதிவாசி'க்குச் சட்ட வரையறை இல்லை.

எல்லை: பட்டியல் மாநிலவாரியானது, 'ஆதிவாசி' என்பதோ ராஜஸ்தான், குஜராத், மத்தியப் பிரதேசம், மகாராஷ்டிரம் எனச் சிதறிய உறவுகளைச் சேர்த்தழைக்கிறது.

நினைவு: சீர்திருத்தவாதி கோவிந்த் குருவைப் பின்பற்றி, இன்று ராஜஸ்தான்–குஜராத் எல்லையிலுள்ள மான்கட் குன்றில் திரண்ட பீல் மக்களை 1913 நவம்பர் 17 அன்று பிரிட்டிஷ் படை சுட்டுக்கொன்றதைப் பட்டியல் பழங்குடிச் சான்றிதழ் சொல்லாது. ஹோலிக்கு முந்தைய வாரம் மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவாப் பகுதியில் கூடும் பகோரியா சந்தையில், வெள்ளி நகைகள் குலுங்க மத்தள ஒலிக்கு ஆடுவோரிடம் அந்தச் சான்றிதழை எவரும் கேட்பதுமில்லை (கேட்டால் சிரிப்பார்கள்).

கல்லூரி இடத்துக்கும் அரசு வேலைக்கும் பட்டியல் பெயரே உதவும். மாநிலம் கடந்து நிலத்துக்காகக் குரல் கொடுக்க, என் கணிப்பில், 'ஆதிவாசி'யே பொருந்தும்.