ஏ.ஐ. தனிப் பட்டமா, மெக்கானிக்கலோடு ஏ.ஐ. மைனரா?

கவுன்சிலிங் சமயத்தில் அக்கா மகன் போன் போட்டான்: "மாமா, ஏ.ஐ. டேட்டா சயின்ஸா, மெக்கானிக்கலா?" கேள்வி அவனுடையதுதான். ஆனால் பாதி விடை கொள்கையில் இருக்கிறது.

2024-25-இல், பொறியியல் கல்லூரிகளுக்கு அனுமதி தரும் மத்திய அமைப்பான ஏ.ஐ.சி.டி.இ., நன்றாக இயங்கும் கல்லூரிகளில் ஒரு பிரிவுக்கு இத்தனை இடங்கள்தான் என்ற உச்சவரம்பை நீக்கியது. கம்ப்யூட்டர் சார்ந்த பிரிவுகளைப் பெருக்கக் கல்லூரிகளுக்கு வழி பிறந்தது. லேத், மில்லிங் மெஷின், ஃபவுண்டரி எல்லாம் வாங்கிப் பராமரிப்பதைவிட 60 கம்ப்யூட்டர் போட்ட ஒரு ஹால் நிர்வாகத்துக்கு லகுவானது. பாடம் நடத்த யார் இருக்கிறார்கள் என்பதுதான் இடிக்கிறது. நேற்றுவரை நெட்வொர்க்ஸ் எடுத்தவரே இன்று ஏ.ஐ. பாடமான டீப் லேர்னிங் எடுப்பதும் உண்டு. நல்ல ஆசிரியர்கள் அமைந்தால், நான்கு ஆண்டும் கணிதம், புள்ளியியல், கோடிங் என்று ஆழமாகப் போகலாம்.

மற்றது மைனர் வழி: மெக்கானிக்கல் போன்ற ஒரு பட்டத்தோடு ஏ.ஐ.யைத் துணைப் பாடமாகச் சேர்த்துப் படிப்பது. ஏ.ஐ.சி.டி.இ.யின் 2018 மாதிரிப் பாடத்திட்டம் பட்டத்துக்கான கிரெடிட்டை (பாடங்களுக்கான மதிப்பு அலகு) 160 ஆக்கி, கூடுதலாக 20 எடுத்தால் இன்னொரு துறையில் மைனர் தரலாம் என்றது. சுழலும் தண்டைத் தாங்கும் பேரிங் அதிர்வதை வைத்து மெஷின் எப்போது பழுதாகும் என்று கணிக்க, டேட்டாவும் தெரியணும், பேரிங்கும் தெரியணும். தொழிற்சாலைகள் நிறைந்த ஊரில் இது சும்மா இல்லை. ஆனால் மைனர் வகுப்பு பெரும்பாலும் நாலு மணிக்கு மேல்தான். காலேஜ் பஸ் அதற்குள் கிளம்பிவிடும்!

அவனுக்கு நான் மெக்கானிக்கலும் மைனரும்தான் சொன்னேன். அக்காவுக்கு இன்னும் என்மேல் கோபம்.